செல்லா, பேட்டரியா: உள்ளே எத்தனை அறை என்று எண்ணிப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். மகளின் அறிவியல் புத்தகத்தில் மின்கலம் வேறு, மின்கல அடுக்கு வேறு என்று இருக்கிறது. கடைக்குப் போய் ரிமோட்டுக்கு 'செல்' கொடுங்கள் என்றாலும் 'பேட்டரி' கொடுங்கள் என்றாலும் கடைக்காரர் ஒரே பொருளைத்தான் எடுத்து வைக்கிறார். வாட்ச்சில் இருப்பதைச் செல் என்கிறோம், காரில் இருப்பதைப் பேட்டரி என்கிறோம். அப்படியானால் சின்னது செல், பெரியது பேட்டரியா? இல்லை, தீர்ந்ததும் தூக்கிப் போடுவது செல், சார்ஜ் ஏற்றுவது பேட்டரியா? இதுதானே கேட்டிருக்கிறீர்கள். பெயர் இரண்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே ஓடுகிறது என்பதுதான் தெரிய வேண்டும். நீங்கள் ஊகித்த இரண்டு இடத்திலும் அது ஓடவில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக இன்வெர்ட்டர் பேட்டரி, வண்டி பேட்டரி வேலை பார்க்கிறேன். ஈயமும் அமிலமும் எனக்குக் கைப்பழக்கம். லித்தியம் பேக்குகளை மீட்டர் வைத்து அளப்பேன், பிரிக்கமாட்டேன். அதற்கான கருவியும் பயிற்சியும் என்னிடம் இல்லை. அதனால் அந்தப் பக்கம் வரும்போது என் பேச்சு கொஞ்சம் சுருங்கும்.

முதலில் அளவு விஷயம். தொலைபேசி நிலையங்களில், பெரிய யுபிஎஸ் அறைகளில், வரிசையாக நிற்கும் ஈய அமிலப் பெட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பெரியவை இடுப்பளவு உயரம் இருக்கும், ஒன்றை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அந்தப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். மீட்டர் வைத்தால் 2 வோல்ட்தான் காட்டும். இருபத்து நான்கை வரிசையாகக் கோத்தால்தான் தொலைபேசி நிலையத்துக்கு வேண்டிய 48 வோல்ட் வரும். இன்னொரு பக்கம், காலிங் பெல் ரிமோட்டிலும் சில கார் ரிமோட்டிலும் போடும் 23ஏ என்ற குட்டி உருளை. சுண்டு விரலில் பாதிதான் இருக்கும். அதன் மேல் 12 வோல்ட் என்று போட்டிருக்கும். உறையைப் பிரித்தால் பொத்தான் போன்ற எட்டுச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும், எட்டு ஒன்றரை பன்னிரண்டு. ஆக, இரண்டு ஆள் தூக்குவது செல், விரல் நுனியில் நிற்பது பேட்டரி.

சார்ஜ் விஷயமும் அப்படித்தான். கேமராவுக்குப் போடும் நிக்கல் ரீசார்ஜபிள் கட்டை ஒற்றைச் செல், 1.2 வோல்ட், நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏறும். மைக்குக்குப் போடும் சதுர 9 வோல்ட் சாதாரணமாகத் தீர்ந்தால் குப்பைக்குத்தான் போகும். ஆனால் அது பேட்டரி, உள்ளே ஆறு செல் இருக்கிறது.

சரி, செல் என்றால் என்ன? வெவ்வேறு குணமுள்ள இரண்டு பொருள்கள், அவை இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு மின்பகுளி (அமிலமோ, காரமோ, உப்புப் பசையோ), நடுவே இரண்டும் ஒட்டிவிடாமல் ஒரு தடுப்பு. அவ்வளவுதான். ஒரு எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றும் செம்புக் கம்பி ஒன்றும் குத்தினால் அதுவும் செல்தான், கிட்டத்தட்ட ஒரு வோல்ட் காட்டும். இதில் முக்கியமான சங்கதி, எத்தனை வோல்ட் என்பதை முடிவு செய்வது அந்த இரண்டு பொருள்களின் ரசாயனம் மட்டுமே. பூசணிக்காய் அளவுக்கு எலுமிச்சை கிடைத்தாலும் வோல்ட் ஏறாது. டார்ச்சுக்குப் போடும் பெரிய கட்டையும் டிவி ரிமோட்டுக்குப் போடும் மெல்லிய கட்டையும் இரண்டும் 1.5 வோல்ட் என்பது இதனால்தான். பெரிய கட்டையில் சரக்கு அதிகம், நீண்ட நேரம் தரும், ஒரே நேரத்தில் அதிகக் கரண்டும் தரும். அழுத்தம், அதாவது வோல்ட், மட்டும் ஒன்றுதான். ஈய அமிலச் செல் 2 வோல்ட், துத்தநாகக் கட்டை 1.5, நிக்கல் 1.2, கைப்பேசி லித்தியம் 3.7 வாக்கில், ஸ்கூட்டரில் இப்போது வருகிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 3.2. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஒரு செல்லில் இருந்து அதன் ரசாயனம் கொடுப்பதற்கு மேல் வோல்ட் கிடைக்காது என்பதால்தான் ஒன்றோடு ஒன்று கோக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கோத்த கூட்டம்தான் பேட்டரி. இங்கே பட்டறைக்கு வரும் பையன்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கார் பேட்டரியைப் பதினொரு பிளேட், பதின்மூன்று பிளேட் என்று சொல்வார்கள். பிளேட்டுக்கு ஒரு செல் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. ஒரே தொட்டியில், ஒரே அமிலத்தில் நனைந்துகொண்டிருக்கும் எல்லாப் பிளேட்டும் சேர்ந்து ஒரே செல். பிளேட் கூடினால் கரண்ட் கூடும், வோல்ட் கூடாது. அடுத்த செல் ஆரம்பிக்க வேண்டுமானால் நடுவில் சுவர் வேண்டும், அமிலம் தனியாக வேண்டும். அமிலம் கலந்துவிட்டால் கரண்ட் சுற்றி வெளியே போகாமல் உள்ளேயே ஒழுகிவிடும். தண்ணீர் ஊற்றும் 12 வோல்ட் பேட்டரியின் தலையில் ஆறு மூடி இருப்பது ஆறு தனித்தனி அறைகளுக்காக. என்னிடம் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்தச் சுவரைத்தான்.

பேட்டரி என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மின்சாரத்துக்கு அதை முதலில் வைத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1749-இல் எழுதிய ஒரு கடிதத்தில் பதினொரு கண்ணாடிப் பலகைகளில் ஈயத் தகடு பொருத்தி இணைத்த ஒரு சாதனத்தை மின் பேட்டரி என்று குறிப்பிடுகிறார். வேடிக்கை என்னவென்றால் அதில் செல்லே கிடையாது. இன்றைய கணக்கில் அது கப்பாசிட்டர் (ரசாயனம் இல்லாமல் மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் சாதனம்) கூட்டம். பீரங்கிகளை வரிசையாக நிறுத்துவதற்கு ராணுவத்தில் பேட்டரி என்று பெயர், அதிலிருந்து எடுத்தார் என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். பொருத்தமான விளக்கம்தான், ஆனால் விளக்கம் என்ற அளவிலேயே வைத்துக்கொள்கிறேன். உண்மையான முதல் பேட்டரி வோல்ட்டாவுடையது. வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை, மறுபடி வெள்ளி, துத்தநாகம், அட்டை என்று தூண் போல அடுக்கி, அதைப் பற்றி 1800 மார்ச் 20 தேதியிட்டு லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். பீரங்கி வரிசையைவிட நம் பாடப்புத்தகத்தின் 'மின்கல அடுக்கு' எனக்குப் பிடித்திருக்கிறது. வோல்ட்டா செய்தது நிஜமாகவே அடுக்குதான். டிபன் கேரியரில் ஒரு கிண்ணம் செல், அடுக்கிக் கொக்கி மாட்டினால் பேட்டரி. ஒரு மூட்டை அரிசி பிடிக்கிற அண்டாவானாலும், தனியாக இருந்தால் அதை யாரும் கேரியர் என்று சொல்லமாட்டார்கள்.

இதெல்லாம் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். வித்தியாசம் கைக்காசைத் தொடும் இடம் இருக்கிறது. ஒரு தையற்கடைக்காரர் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி, எவ்வளவு சரக்கு பிடிக்கும் என்ற அளவு) ட்யூபுலர் பேட்டரியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாங்கி மூன்று வருடம். "சார்ஜ் புல்லுன்னு காட்டுதுண்ணே, கரண்ட் போனா பத்து நிமிஷம் கூட நிக்க மாட்டேங்குது. இன்வெர்ட்டர்தான் போச்சுன்னு சொல்றாங்க" என்றார். மீட்டர் வைத்தேன், 12.4. பார்த்தால் குறை சொல்ல முடியாத எண். ஆறு மூடியையும் கழற்றி, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு குழியிலும் விட்டு உறிஞ்சினேன். முதல் குழி 1240 (தண்ணீர் 1000 என்ற கணக்கில்). இரண்டாவது 1240. மூன்றாவதில் மிதவை தொபுக்கென்று உள்ளே இறங்கியது, 1120. மற்ற மூன்றும் மறுபடி 1240 வாக்கில். அப்புறம் பேட்டரியிலிருந்து அதிகக் கரண்ட் இழுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டரை மாட்டிவிட்டு அவரை மூன்றாவது குழியை எட்டிப் பார்க்கச் சொன்னேன், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டுதான். மற்ற ஐந்தும் சலனமில்லாமல் கிடக்க, அது மட்டும் உலை கொதிப்பதுபோல் குமிழ் விட்டது. மொத்த வோல்ட் சரசரவென்று 10-க்குக் கீழே போனது.

நடந்தது இதுதான். வரிசையாகக் கோத்த செல்களில் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே கரண்ட். மூன்றாவது செல்லில் சரக்கு தீர்ந்தாலும் மற்ற ஐந்தும் அதன் வழியாகக் கரண்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தீர்ந்த செல் அப்போது கொடுப்பதை நிறுத்திவிட்டுக் குடிக்க ஆரம்பிக்கும். இன்னும் தள்ளினால் அதன் பிளஸ் மைனஸே தலைகீழாகிவிடும். ஓய்வில் இருக்கும்போது இந்தக் குட்டு வெளிப்படாது. ஈய அமிலச் செல்லின் வோல்ட்டுக்கு எங்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: அடர்த்தியோடு (1240 என்றால் 1.24) 0.84 கூட்டிக்கொள்ள வேண்டும். நல்ல செல் 2.08, கெட்ட செல் 1.96. ஆறையும் கூட்டினால் 12.36, மீட்டர் காட்டியதும் ஏறக்குறைய அதுவே. ஆறு பேர் சம்பளத்தின் சராசரியைப் பார்த்துவிட்டு யாரும் பட்டினி இல்லை என்று முடிவுகட்டுவது மாதிரி. பேட்டரியை ஒரே பொருளாக அளந்தால் ஏமாறுவோம், செல் செல்லாக அளந்தால்தான் நோய் தெரியும்.

இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. ஒரு செல்லில் பிளேட்டுகள் உள்ளுக்குள் ஒட்டி ஷார்ட் ஆகிவிட்டால் பேட்டரி 10.5 பக்கம் நின்றுவிடும். சார்ஜருக்கு அது தெரியாது. ஆறு செல்லுக்கு என்று வைத்த 14.4 வோல்ட்டை ஐந்து செல்லின் தலையில் கொட்டும். செல்லுக்கு 2.4 போக வேண்டிய இடத்தில் 2.88. நல்ல செல்கள் ஐந்தும் கொதித்துத் தண்ணீர் வற்றும். "போன வாரம்தான் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தினேன், அதுக்குள்ள காணோம்" என்று யாராவது வந்தால் எனக்குச் சந்தேகம் வரும் இடங்களில் இதுவும் ஒன்று.

தையற்கடைக்காரர் அடுத்துக் கேட்டது நியாயமான கேள்வி: "அந்த ஒரு செல்ல மட்டும் மாத்திக் கொடுத்திருங்கண்ணே." அந்தக் காலத்தில் முடிந்தது. கறுப்பு ரப்பர் பெட்டி, மேலே தார் ஊற்றி மூடியிருப்பார்கள், செல்லுக்குச் செல் போகும் ஈயப் பட்டை வெளியே தெரியும். தாரை உருக்கி, பட்டையை வெட்டி, கெட்ட செல்லை மட்டும் உருவி வேறு வைத்து மறுபடி ஈயம் ஊற்றி ஒட்டுவார்கள். நான் தொழிலுக்கு வந்தபோது அதைச் செய்த பெரியவர்கள் இருந்தார்கள், அந்தப் புகையை நினைத்தால் இப்போதும் இருமல் வருகிறது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டியில் இணைப்பு அறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளேயே போகிறது, மூடியும் உருக்கி ஒட்டியது. வெட்டிச் செய்து தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கலாம், நான் செய்வதில்லை. மூன்று வருடம் தேய்ந்த ஐந்து செல்லுக்கு நடுவே புதுச் செல் ஒன்றை வைத்தால் அடுத்த பலவீனமான செல் எது என்பதுதான் மாறும். இரண்டு பேட்டரி போடும் இன்வெர்ட்டரில் ஒன்று மட்டும் போனால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள் என்று சொல்வதும் இதே காரணத்துக்காக.

வீட்டில் டார்ச்சிலும் இதே கதைதான் நடக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் டார்ச்சையே பேட்டரி லைட் என்பார்கள், உள்ளே போடுவது பேட்டரிக் கட்டை. கட்டை தனியாகச் செல். மூன்றைக் குழாய்க்குள் போட்டு மூடியைத் திருகிய கணத்தில் நீங்களே ஒரு பேட்டரி கட்டிவிட்டீர்கள். இரண்டு புதுசு, ஒன்று பழசு போட்டால் பழசு முதலில் தீர்ந்து, மற்ற இரண்டும் அதைத் தலைகீழாகத் தள்ள, அது ஒழுகும். சாதாரணக் கட்டையில் வெளி டப்பாவே துத்தநாகம்தான், அதுவே கரைந்துதான் கரண்ட் வருகிறது என்பதால் ஒழுகுவது இன்னும் சுலபம். ஆல்கலைனில் ஒழுகுவது காரம், காய்ந்தால் வெள்ளைப் பொடியாகப் படியும். பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் போகும்.

அடுத்து, கையில் இருக்கும் பொருள் செல்லா பேட்டரியா என்று பிரிக்காமலே கண்டுபிடிக்கும் வழி. மேலே அச்சிட்ட வோல்ட்டை அந்த ரசாயனத்தின் வோல்ட்டால் வகுங்கள். லேப்டாப் பேட்டரியில் 11.1 வோல்ட் என்றிருந்தால் 3.7-ஆல் வகுக்க மூன்று. விளம்பரத்தில் '6 செல்' என்று போட்டிருந்தால், இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ், இதில் வோல்ட் ஏறாது) இணைத்து அந்த ஜோடிகளை மூன்று படியாகக் கோத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்கூட்டர் பேக்கில் 51.2 என்றால் 3.2-ஆல் வகுக்கப் பதினாறு படி. 2008-இல் வந்த முதல் டெஸ்லா காரில் லேப்டாப் வகை உருளைச் செல்கள் 6,831 இருந்தன. அத்தனையில் எது முதலில் படுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் லித்தியம் பேக்குகளில் படிக்குப் படி வோல்ட்டைக் கண்காணிக்கும் பலகை ஒன்று கட்டாயம் இருக்கும். நான் ஹைட்ரோமீட்டரை வைத்து மாதத்துக்கு ஒருமுறை செய்வதை அது நொடிக்கு நொடி செய்கிறது. பவர் பேங்க் வாங்கி ஏமாந்ததாக நினைப்பவர்களுக்கும் இதில் விடை உண்டு. அதில் பெரும்பாலும் செல்கள் பக்கவாட்டில் இணைத்திருக்கும், வோல்ட் 3.7-லேயே நிற்கும். 10000 எம்ஏஹெச் என்பது அந்த 3.7-க்கான கணக்கு, 5 வோல்ட்டாக மாற்றினால் கணக்குப்படியே 7400, நஷ்டம் போக இன்னும் குறையும்.

வகுக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் கவனம். கார் சாவியிலும் கம்ப்யூட்டர் மதர்போர்டிலும் இருக்கும் சிஆர்2032 பொத்தான் 3 வோல்ட் காட்டும். இரண்டு ஒன்றரை என்று நினைத்துவிடக் கூடாது. அது லித்தியம், ஒரே செல். வாட்ச்சில் இருக்கும் வெள்ளி ஆக்சைடு பொத்தானும் ஒற்றைச் செல்தான், 1.55 வோல்ட். வாட்ச் கடைக்காரர் செல் என்று சொல்வது முழுக்கச் சரி.

இதுவரை சொன்னதில் சந்தேகம் இல்லை. கோடு மங்குவது ஒற்றைச் செல்லில்தான். கைப்பேசியில் பெரும்பாலும் ஒரே செல்தான் இருக்கிறது (வேகமாகச் சார்ஜ் ஏறும் சில மாடல்களில் இரண்டு வரும்), ஆனாலும் உலகமே அதைப் பேட்டரி என்கிறது. பாமரத் தவறு என்று தள்ளிவிட முடியாது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் வரையறையே பேட்டரி என்பது 'ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட' செல்களை உறை, முனை, குறியீடு, பாதுகாப்புச் சாதனம் என்று பயன்பாட்டுக்கு ஏற்றபடி பொருத்தியது என்றுதான் சொல்கிறது. அந்தக் கணக்கில் ரிமோட் கட்டையும் பேட்டரிதான், கடைக்காரரைத் திருத்தப் போக வேண்டாம். அதே ஒற்றை லித்தியம் செல்லைக் கப்பலிலோ விமானத்திலோ அனுப்ப ஐநா சோதனை விதியைப் பார்த்தால், ஒற்றைச் செல் பேட்டரியைச் செல்லாகவே கருது என்கிறது. ஆக, ஒன்றுக்கு மேல் இருந்தால் பேட்டரி என்பது உறுதி. ஒன்று மட்டும் இருந்தால் பள்ளிப் புத்தகம் செல் என்கிறது, சந்தை பேட்டரி என்கிறது, இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது.

மகளைத் தேர்வில் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். சுற்றுப் படத்தில் நீளக் கோடு ஒன்று, குட்டைக் கோடு ஒன்று போட்டால் செல், நீளம் பிளஸ், குட்டை மைனஸ். அந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் பேட்டரி. அப்புறம் வீட்டில் தீர்ந்துபோன 9 வோல்ட் ஒன்று கிடந்தால் அவள் கையில் கொடுங்கள். சாதாரண வகை என்றால் மேலே பொடி எழுத்தில் 6எஃப்22 என்று இருக்கும், ஆல்கலைன் என்றால் 6எல்ஆர்61. ரிமோட் கட்டையில் வெறும் ஆர்03 அல்லது எல்ஆர்03 என்று இருக்கும், முன்னால் எண் இருக்காது. அந்த முதல் 6 என்ன என்று அவளையே கேளுங்கள்.